அபினி கலவாத உறக்கம்: அடிநாச் சதைச் சத்திரசிகிச்சையும் பிள்ளைகளின் நோவும்



ஆண்டு விழா மலரில் தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து இலக்கணம், இலக்கியம் சார்ந்த கட்டுரையையே நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியசாலைக்கு உரியது. நாம் வைத்தியர் அல்லர். ஊரிலே விஞ்ஞானமும் தமிழும் படிப்பித்த ஆசிரியர். எனினும், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெற்றோர் சிலர் பிரெஞ்சு மொழியில் அமைந்த வைத்தியசாலைத் தாள்களை நம்மிடம் கொண்டுவந்து விளக்கம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு வந்த தந்தை ஒருவர், "மாஸ்ரர், மோர்பீன் குடுக்காமலே பிள்ளைக்கு ரொன்சில் வெட்டப் போகினமாம். பிள்ளை தாங்குமே?" என்று கேட்டார். அவருடைய கண்களில் நாம் கண்ட அச்சம் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அக்கேள்விக்குரிய விடையை அவருக்கு மட்டுமன்றி உங்கள் யாவருக்கும் கூறுதல் பயனுடையது எனக் கருதுகிறோம்.

முதலில் பெயரைத் தெளிவாக்குவோம். நம்மவர் பலர் ரொன்சிலை 'உண்ணாக்கு' என்கின்றனர். அது பிழை. வாயை அகலத் திறந்து கண்ணாடியில் பார்த்தால், நடுவிலே சிறு மணிபோலத் தொங்குவது உண்ணாக்கு. அதன் இரு பக்கங்களிலும், தொண்டையின் வாயிலிலே, காவலர் இருவர் போல அமைந்திருக்கும் சதைத் திரள்களே அடிநாச் சதைகள். பிரெஞ்சு மொழியில் இவற்றை 'அமிக்டால்' என்பர். வாதுமைக் கொட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்! மூக்கின் பின்புறத்தில் இவற்றின் உறவினர் போன்ற இன்னொரு திரளும் உண்டு. அதனை அடினொயிட் என்பர். சிறுவயதில் வாயாலும் மூக்காலும் புகும் கிருமிகளை உடல் அடையாளம் காண்பதற்கு இவை உதவுகின்றன. இவற்றை அகற்றினாலும் உடலின் ஏனைய நிணநீர்த் திசுக்கள் அவ்வேலையைச் செய்துகொள்ளும்.

முற்காலத்தில் தொண்டை அடிக்கடி புண்ணாகும் பிள்ளைகளுக்கே இச்சத்திரசிகிச்சை பெரும்பாலும் செய்யப்பட்டது. இன்றும் அதற்கென ஓர் அளவு உண்டு: ஓராண்டில் ஏழு தடவை, அல்லது ஈராண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து தடவை, அல்லது மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று தடவை கடுமையான தொண்டை அழற்சி வந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், பொறுத்திருந்து பார்ப்பதே நன்று என வைத்தியர் கூறுவர். ஆனால் இக்காலத்தில் வட அமெரிக்காவில் முதன்மையான காரணம் வேறு. அது குறட்டை.

'பிள்ளை அப்பாவைப் போலக் குறட்டை விடுகிறான்' என்று நாம் சிரித்துக்கொள்வதுண்டு. இது சிரிப்பதற்குரிய விடயமன்று. மூன்று முதல் ஆறு வயது வரையில் அடிநாச் சதைகள் தொண்டையின் அளவோடு ஒப்பிடுகையில் மிகப் பெரிதாக இருக்கும். உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளரும்போது காற்றுவழி அடைபடுகிறது. பிள்ளை சில கணங்கள் மூச்சின்றிக் கிடந்து, பின் திடுக்கிட்டு, பெருமூச்செறிந்து, மறுபக்கம் புரண்டு உறங்குகிறது. இது ஓரிரவில் பல முறை நிகழக்கூடும். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மறுநாள் அப்பிள்ளை வகுப்பிலே தூங்கி விழும்; அல்லது இருப்புக்கொள்ளாது ஓடித் திரியும். 'படிப்பில் கவனம் இல்லை' என்று ஆசிரியர் குறிப்பெழுதுவார். உறக்கத்தில் மூச்சடைக்கும் இந்நோயே நம் கட்டுரையின் மையம். இதனை உடைய பிள்ளைக்கும் அபினி சார்ந்த மருந்துகளுக்கும் இடையே உள்ள தொடர்பை அறிந்தால்தான் அத்தந்தையின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அபினி என்பது யாது? கசகசாச் செடியின் பிஞ்சுக் காயைக் கீறினால் வடியும் பாலே உலர்ந்து அபினி ஆகிறது. (நம்மூர்ச் சர்பத்தில் மிதக்கும் கசகசா இதுவன்று, அது திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழ்நாட்டார் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவே இச்செடியின் விதை. அதை உண்பதால் மயக்கம் வராது.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ற்றூர்னர் என்ற செர்மானியர் அபினியிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தார். 1832 இல் பிரான்சைச் சேர்ந்த றொபிக்கே கொடீனைக் கண்டறிந்தார். இவற்றையும், இவற்றைப் பின்பற்றி ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்ட பெந்தனில் போன்றவற்றையும் 'அபினியின மருந்துகள்' என்று தொகுத்துக் கூறலாம். நோவை அடக்குவதில் இவை வல்லவை. இம்மருந்துகளைத் தூற்றுவது நம் நோக்கமன்று. புற்றுநோயின் கொடுமையில் கிடப்பவருக்கும், பெருங்காயம் பட்டவருக்கும் மோர்பீன் இன்றும் அருமருந்தே.

ஆயினும் அபினி நோவை அடக்கும் அதே கையாலே மூச்சையும் தொடுகிறது. மூளையில் அபினியைப் பற்றிக்கொள்ளும் 'வாங்கிகள்' நோவுணர்ச்சிக்குரிய இடங்களில் மட்டுமன்றி, மூச்சை இயக்கும் இடத்திலும் உள்ளன. மருந்து மிகுந்தால், 'மூச்சு விடு' என்று மூளை இடும் கட்டளை மெலிந்துபோகும். விழித்திருப்பவருக்குப் பெரிதாகத் தோன்றாத இவ்விளைவு, தொண்டை வீங்கியிருக்க உறங்கும் சிறு பிள்ளைக்கு உயிராபத்து ஆகலாம்.

இதனை உலகம் துயரத்தின் வழியாகவே கற்றது. பல்லாண்டு காலமாக, ரொன்சில் எடுத்த பிள்ளைகளுக்குக் கொடீன் கலந்த பாணி மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது கனடாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாக இருந்தது. கொடீன் மென்மையானது, ஆகவே பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பினர். உண்மையில் கொடீன் தானாக நோவைத் தணிப்பது சிறிதளவே. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதன் ஒரு சிறு பங்கை மோர்பீனாக மாற்றிய பின்னரே அது வேலை செய்கிறது. இந்நொதியத்தை ஆக்கும் பரம்பரை அலகு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. சிலரிடம் அது வேலையே செய்யாது. அவர்களுக்குக் கொடீன் வெறும் இனிப்புத் தண்ணீர். வேறு சிலரிடமோ அவ்வலகு இரட்டித்திருக்கும். அவர்களுடைய ஈரல் கொடீனை மளமளவென்று மோர்பீனாக்கிவிடும். யார் எவ்வகையினர் என்பது முகத்தைப் பார்த்துத் தெரிவதன்று.

2009 ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' கனடாவில் நிகழ்ந்த ஓர் இறப்பினை வெளியிட்டது. உறக்கத்தில் மூச்சடைக்கும் நோய்க்காக ரொன்சில் எடுக்கப்பட்ட இரண்டு வயது ஆண் குழந்தை அது. வைத்தியர் எழுதிய அளவிலேயே கொடீன் கொடுக்கப்பட்டது. தாய் தவறேதும் செய்யவில்லை. எனினும் குழந்தை வீட்டில் உறக்கத்திலே இறந்துபோயிற்று. பரிசோதித்தபோது அக்குழந்தையின் பரம்பரை அலகு இரட்டித்திருந்தமை தெரியவந்தது. 2012 இல் வட அமெரிக்காவில் உயிராபத்து விளைந்த மேலும் மூன்று நிகழ்வுகள் வெளியாயின. 2013 இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை கடுமையான எச்சரிக்கை விடுத்தது; அதே ஆண்டில் கனடா சுகாதாரத் துறையும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடீன் கொடுக்கலாகாது என அறிவித்தது.

கொடீன் போயிற்று, அதன் இடத்தில் மோர்பீனையே அளந்து கொடுத்தால் என்ன என்று சிலர் எண்ணினர். ஒன்ராறியோவில் ஹமில்ரன், ரொறன்ரோ நகர்களின் வைத்தியர்கள் இதனைச் சோதித்து 2015 இல் முடிவை வெளியிட்டனர். ரொன்சில் எடுத்த பிள்ளைகளில் ஒரு சாராருக்கு வாயால் மோர்பீனும், மறுசாராருக்கு ஐபுபுரோபெனும், இரு சாராருக்கும் பரசிற்றமோலும் கொடுக்கப்பட்டன. நோவைத் தணித்ததில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் முதல் நாள் இரவில் ஐபுபுரோபென் பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு ஒட்சிசன் குறைதல் சீரடைந்தது; மோர்பீன் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே அவ்வாறு சீரடைந்தது. இதனைக் கண்டதும் ஆய்வை இடைநடுவில் நிறுத்திவிட்டனர். தொடர்ந்து செய்வது அறமன்று எனக் கண்டால் ஆய்வையே நிறுத்திவிடும் இந்த ஒழுங்கை, விஞ்ஞானம் படிக்கும் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, நாம் வாழும் மொன்றியலுக்கு வருவோம். மூச்சடைக்கும் பிள்ளைகளுக்கு அபினியின மருந்து ஏன் இவ்வளவு கூடுதலாகத் தாக்குகிறது என்ற வினாவுக்கு விடை தேடியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் மொன்றியல் சிறுவர் வைத்தியசாலையினரே. அங்கு மயக்க மருத்துவராகப் பணிபுரிந்த கரன் பிறவுணும் அவருடன் சேர்ந்தோரும் 2004 இலும் 2006 இலும் தம் ஆய்வுகளை வெளியிட்டனர். இரவில் ஒட்சிசன் அளவு நூற்றுக்கு 85 இற்குக் கீழே இறங்கிய பிள்ளைகளுக்கு, ஏனைய பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட மோர்பீனில் கிட்டத்தட்டப் பாதியே நோவைத் தணிக்கப் போதுமாயிருந்தது. மீண்டும் மீண்டும் ஒட்சிசன் குறைவதனால் மூளையின் அபினி வாங்கிகள் கூருணர்வு பெற்றுவிடுகின்றன என்பது அவர்களது விளக்கம். நிறையைப் பார்த்து மட்டும் அளவைக் கணித்தால், பாதி போதுமான பிள்ளைக்கு முழு அளவும் போய்ச் சேரும். ஊரிலே இரண்டு சுண்டு அரிசி போடும் பானையில் நான்கு சுண்டு போட்டால் என்னாகும் என்று தாய்மார் அறிவர்.

எந்தப் பிள்ளை இத்தகையது என்பதை முன்கூட்டி அறிவதற்கும் அவ்வைத்தியசாலையினர் எளிய வழி ஒன்றை வகுத்தனர். விரலில் செந்நிற ஒளி வீசும் சிறு கவ்வி ஒன்றை மாட்டி, இரவு முழுவதும் ஒட்சிசனைப் பதிந்து, காலையில் அப்பதிவினை ஒன்று முதல் நான்கு வரையான படிகளில் வகுக்கும் முறை அது. 2004 இல் வெளியான இம்முறை பல்கலைக்கழகத்தின் பெயரால் 'மக்கில் அளவை' என்று பிற நாடுகளிலும் வழங்குகிறது. ஒட்சிசன் நூற்றுக்கு 90 இற்குக் கீழ் மூன்று முறையாவது இறங்கினால் இரண்டாம் படி. 85 இற்குக் கீழ் இறங்கினால் மூன்றாம் படி. 80 இற்குக் கீழானால் நான்காம் படி. உயர்ந்த படியிலுள்ள பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை விரைவில் வேண்டும். அதன்பின் வைத்தியசாலையில் தங்கவைத்துக் கண்காணிக்கவும் வேண்டும். உங்கள் பிள்ளை குறட்டை விடுவதையும் மூச்சு நின்று திடுக்கிடுவதையும் வைத்தியரிடம் சொல்ல மறவாதீர்கள். 'கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை' என்று இருக்கலாகாது. கைத்தொலைபேசியில் அவ்வொலியைப் பதிந்துகொண்டு போனாலும் நன்றே.

இப்பொழுது அத்தந்தையின் கேள்வி. அபினியின மருந்து இல்லாமல் செய்வது என்றால், நோவோடு வெட்டுவது என்பதன்று. இதனைப் பிறருக்கு ஒருமுறை சொன்னாற் போதும். நம்மவர்க்கோ அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் யாவரும் அறிந்ததே. பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்தின்றித் தவித்த வைத்தியசாலைகளையும், 2009 இல் வன்னியில் போதிய மயக்க மருந்தும் நோ மருந்தும் இல்லாமல் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளையும் கண்டும் கேட்டும் வந்தவர்கள் நாம். 'மோர்பீன் இல்லை' என்ற சொற்கள் நம் காதில் வேறொரு பொருளோடு விழுகின்றன. இங்கு அது இல்லாமையால் விட்டது அன்று, ஆராய்ந்து விட்டது.

மயக்கம் என நாம் ஒரே சொல்லால் குறிப்பதனுள் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன: உறங்கவைத்தல், நோவை நீக்குதல், தசைகளை அசையாதிருக்கச் செய்தல். இவற்றைத் தனித்தனி மருந்துகளால் செய்யலாம் என்பதை உலகுக்குக் காட்டியதிலும் இந்நகருக்குப் பங்குண்டு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய கியுறாரே என்ற நஞ்சின் தூய்மையாக்கப்பட்ட வடிவத்தை, 1942 சனவரி 23 இல், மொன்றியல் ஹோமியோபதி வைத்தியசாலையில், ஹரோல்ட் கிறிபித் என்ற மயக்க மருத்துவர், ஈனிட் ஜோன்சன் என்ற இளம் மருத்துவரின் துணையுடன், குடல்வால் சத்திரசிகிச்சை ஒன்றிலே தசை தளர்த்தப் பயன்படுத்தினார். அதுவரை ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுத்து மூன்று வேலைகளையும் வாங்கினர். அதன்பின் வேலைக்கொரு மருந்து, ஒவ்வொன்றும் சிறிதளவு என்ற முறை வளர்ந்தது. அபினி கலவாத மயக்கமும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

ரொன்சில் சத்திரசிகிச்சையில் இது எவ்வாறு நிகழ்கிறது? பிள்ளை மயக்க வாயுவாலோ ஊசி மருந்தாலோ முற்றாக உறங்கவைக்கப்படுகிறது. இதில் மாற்றமில்லை. நோவை நீக்கும் வேலையை மட்டும் பல மருந்துகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பரசிற்றமோல் ஒன்று. அழற்சியைத் தணிக்கும் ஐபுபுரோபென் அல்லது அதன் இனத்து ஊசிமருந்து இன்னொன்று. டெக்சாமெதசோன் என்பது வீக்கத்தையும் பின்வரும் வாந்தியையும் குறைக்கும். இதனை ஒருமுறை நாளத்தில் ஏற்றுவதை அமெரிக்கத் தொண்டை மருத்துவரின் வழிகாட்டி நூலும் விதந்துரைக்கிறது. டெக்ஸ்மெடெற்றோமிடீன் என்று நாக்கைச் சுழற்றும் பெயருடைய மருந்து இயற்கை உறக்கத்தை ஒத்த அமைதியைத் தருகிறது. மூச்சை அபினிபோல் அடக்குவதில்லை. சில இடங்களில் சிறிதளவு கெற்றமீனும் சேர்ப்பர். அமெரிக்காவில் சியாட்டில் சிறுவர் வைத்தியசாலையைச் சார்ந்த ஒருநாள் சத்திரசிகிச்சை நிலையத்தினர், சில ஆண்டுகளாகப் படிப்படியாக அபினியின மருந்துகளைக் குறைத்து, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவை தேவையில்லை என்ற நிலைக்கு வந்ததை 2021 இல் எழுதினர். பிள்ளைகளின் நோவு அதனால் கூடவில்லை.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. டெக்ஸ்மெடெற்றோமிடீன் இதயத் துடிப்பை மெதுவாக்கும். பிள்ளை விழித்தெழச் சற்று நேரம் பிடிக்கலாம். ஐபுபுரோபென் குருதி உறைதலைச் சிறிது தளர்த்தக்கூடியது. 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அளவு குருதிப்பெருக்கு பரசிற்றமோல் பெற்றோரில் நூற்றுக்கு 1.2 பேருக்கும், ஐபுபுரோபென் பெற்றோரில் 2.9 பேருக்கும் நேர்ந்தது. ஆகவே அம்மருந்தைப் பற்றி வைத்தியரிடையே ஒருமித்த கருத்து இல்லை; வழிகாட்டி நூல் அதனை ஏற்கிறது, சிலர் தயங்குகின்றனர். மேலும், எழுந்த பின் ஒரு பிள்ளை தாங்கமாட்டாது அழுதால், கண்காணிப்பின் கீழ்ச் சிறிதளவு மோர்பீன் கொடுப்பதில் தவறில்லை. அபினியின மருந்தை அறவே தொடுவதில்லை என்பதை ஒரு விரதமாகக் கொள்வது நம் பார்வையில் பொருத்தமன்று. பிள்ளையின் மூச்சும் நோவும் இரண்டும் கருதப்பட வேண்டும். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை முறை வேறுபடும். சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் உங்களைச் சந்திப்பார். "என் பிள்ளைக்கு என்ன நோ மருந்து கொடுப்பீர்கள்? வீட்டில் என்ன கொடுக்க வேண்டும்? இன்றிரவு இங்கேயே தங்க வேண்டுமா?" என்று அவரிடம் தயங்காது கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனில் நாள் குறிக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும்.

வைத்தியசாலையில் ஒரு நாள். வீட்டிலோ பத்து நாள். பெரும்பாலான இடர்கள் இந்தப் பத்து நாளில்தான் விளைகின்றன. முதல் நாளைவிட மூன்றாம், நான்காம் நாட்களில் நோவு கூடுவதுண்டு. காதும் நோகும், தொண்டைக்கும் காதுக்கும் உணர்ச்சி கொண்டு செல்லும் நரம்பு ஒன்றாகையால் அவ்வாறு தோன்றுகிறதேயன்றிக் காதிலே நோயில்லை. வெட்டிய இடத்தில் வெண்மையாகப் படர்வது சீழன்று. அது ஆறும் புண்ணின் பொருக்கு. தண்ணீர் குடிக்காமை இக்காலத்தில் பெரும் தீங்கு. நோவுக்குப் பயந்து பிள்ளை விழுங்க மறுக்கும். விழுங்காததால் தொண்டை வரண்டு மேலும் நோகும். எனவே முதற் சில நாட்களுக்கு அழும்வரை காத்திராமல் நேரம் பார்த்து மருந்து கொடுத்து, அரை மணித்தியாலம் கழித்து ஒவ்வொரு மிடறாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 'மருந்து கூடினால் கூடாது, பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும்' என்று குறைத்துக் கொடுக்கும் பெற்றோர் எல்லாச் சமூகங்களிலும் உளர். நம்மிடையே சற்று அதிகம் என்றே நினைக்கிறோம். 'ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது' என்பதும் அங்கு வந்து சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த பாலும் ஐஸ்கிறீமும் சளி பிடிக்கும் என்று அம்மம்மாமார் தடுப்பர். இப்பத்து நாளும் அவர்களிடம் பணிவாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். மிளகு இரசம் மட்டும் வேண்டாம்.

இங்கே ஒரு கணக்குப் பாடம். மாணவர்களும் சேர்ந்து செய்யலாம். பரசிற்றமோல் பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு முறைக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுவது வழக்கம். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேற்படாது. பிள்ளை 20 கிலோ எனில் 300 மில்லிகிராம். கனடாவில் விற்கும் சிறுவர் ரைலனோல் பாணியின் 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம் உண்டு. அப்படியானால் ஏறத்தாழ 9.4 மில்லிலீற்றர் வேண்டும். இனிக் கவனியுங்கள்: அதே பெயரில் கைக்குழந்தைகளுக்கான துளிமருந்தும் உண்டு. அதில் ஒரே ஒரு மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம். அதிலிருந்து 9.4 மில்லிலீற்றர் அளந்தால் எவ்வளவு? எழுநூற்றைம்பதுக்கும் மேல், அதாவது இரண்டரை மடங்கு! புட்டியின் படத்தைப் பார்த்து அளக்காமல் எண்ணைப் பார்த்து அளக்க வேண்டும். தேக்கரண்டியால் அளவாது, புட்டியோடு தரும் ஊசியில்லாப் பீச்சாங்குழலால் அளக்க வேண்டும். வைத்தியர் எழுதித் தந்த அளவு வேறாக இருப்பின் அதுவே முடிவானது.

இதனைவிட நம்மவர்க்கேயுரிய இடர் ஒன்றுண்டு. ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பனடோல், இங்கு வாங்கும் ரைலனோல், பிரெஞ்சுத் தாளில் எழுதியிருக்கும் அசெத்தாமினோபென் ஆகிய மூன்றும் ஒரே மருந்து. பெயர் வேறாகையால், 'ரைலனோல் கேட்கவில்லை, ஒரு பனடோலும் குடுப்பம்' என்று இரட்டித்துவிட்டால் ஈரல் பழுதாகும். டிஸ்பிறின் போன்ற அஸ்பிரின் மாத்திரைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குருதி பெருகும், வேறு கொடிய நோயும் வரலாம். கனடாவில் ரைலனோல் என்ற பெயருடனேயே கொடீன் கலந்த மாத்திரைகளும் உள்ளன. அப்பாவின் முதுகு நோவுக்கு வாங்கியது அலுமாரியில் கிடக்கும். அதனை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பதை மேலே படித்த நீங்கள் அறிவீர்கள். மிஞ்சிய மருந்தை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்வர்.

ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் பொருக்கு உதிரும்போது நூற்றில் சிலருக்குக் குருதி வரக்கூடும். துப்பலில் ஒரு கோடு போலத் தெரிவது வேறு. புதிய சிவந்த குருதி தொடர்ந்து வந்தாலும், பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும், குருதியாக வாந்தியெடுத்தாலும் தாமதியாது 911 ஐ அழைக்க வேண்டும். எழுப்பியும் சரியாக எழாத பிள்ளைக்கும், மூச்சு விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கும் அவ்வாறே. வேறு ஐயங்களுக்குக் கியூபெக்கில் 811 ஐ அழைத்தால் தாதி ஒருவர் எந்நேரமும் பேசுவார்.

தமிழாசிரியர் என்ற முறையில் இறுதியாக ஒன்று. நோவு எவ்வளவு என்பதை இயந்திரம் சொல்லாது. நோகிறவரே சொல்ல வேண்டும். இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவரும் மொன்றியலிலேயே பிறந்தவர். றொனால்ட் மெல்சாக் 1965 இல் பற்றிக் வோல் என்பவருடன் சேர்ந்து, நோவுச் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலை போன்ற அமைப்பினூடே செல்கிறது, அப்படலை திறக்கவும் கூடும் சாத்தவும் கூடும் என்ற கொள்கையை வெளியிட்டார். பின்னர் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நோயாளர் வாயிலிருந்து வரும் சொற்களையெல்லாம் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டங்களாக வகுத்து, 1975 இல் ஒரு வினாப் பட்டியலாக்கினார். உலகெங்கும் வைத்தியர்கள் இன்றும் அதனை எடுத்தாளுகின்றனர். மெல்சாக் 2019 இல் காலமானார்.

அப்பட்டியலைப் படித்தபோது நம் மொழியின் வளத்தை எண்ணினோம். தலைக்கு இடி, வயிற்றுக்குக் குத்து, காலுக்கு உளைவு, கண்ணுக்குக் கடுப்பு, நெஞ்சுக்கு எரிவு, தொண்டைக்குக் கரகரப்பு, பல்லுக்கு விண்விண் என்று தெறித்தல், நரம்புக்குச் சுண்டி இழுத்தல் என ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிச் சொல் வைத்தவர்கள் நம் முன்னோர். யாழ்ப்பாணத்தார் 'நோ' என்பதைத் தமிழ்நாட்டார் 'வலி' என்பர். நம்மூரில் 'வலி' என்றால் வலிப்பையும் குறிக்கும். பழைய நூல்களிலோ வலிமை என்று பொருள். திருக்குறளின் 'வலியறிதல்' என்ற அதிகாரம் நோவைப் பற்றியதன்று. இதனாலேதான் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பை நம்பி வைத்தியசாலையில் பேசும்போது சிலவேளை பொருள் தடம்புரளுகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் ஐயர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அம்மொழியை உடைய நம் பிள்ளைகள், தாதி கேட்கும்போது 'நோகுது' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர்; அல்லது பத்து வயதில் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகி, தாம் அறியாத சொல்லை விழுங்கிவிடுகின்றனர்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. அம்மம்மா, தாத்தாவிடம் கேட்டு நோவைக் குறிக்கும் சொற்கள் இருபதைத் தொகுத்து, ஒவ்வொன்றும் உடலின் எவ்விடத்துக்கு உரியது என எழுதி, அதற்கு ஈடான பிரெஞ்சுச் சொல்லையும் பக்கத்தில் குறித்து வாருங்கள். 'டூலேர்' என்பது நோவு, 'றொன்ஃப்ளமோன்' என்பது குறட்டை, 'சேஞ்மோன்' என்பது குருதிப்பெருக்கு. மூன்றை நாம் தந்துவிட்டோம். உளைவுக்குச் சரியான பிரெஞ்சுச் சொல்லை நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடிப்பவர் விடுமுறை முடிந்து முதற் சனிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதலாம்.